சமையலறை இல்லாதவரின் சாப்பாட்டுச் செலவு

மாலை ஆறு மணிக்கு மேல் அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் தள்ளுவண்டிகள் வந்து நிற்கின்றன. அடுப்பு சீறுகிறது. இரும்புக் கடாயில் முட்டை உடைபட, முட்டைக்கோஸ், சோறு, சோயா சாஸ் என்று ஒவ்வொன்றாக விழ, மூன்று நான்கு நிமிடத்தில் ஒரு தட்டு முட்டை ரைஸ் கைக்கு வந்துவிடுகிறது. வேலை முடிந்து நேரே வருகிறவர்களின் இரவு உணவு அதுதான். கிண்டி, வேளச்சேரி, ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர் என்று தொழில் நடக்கும் ஊர்களிலெல்லாம் இதே வண்டிகள், இதே கூட்டம்.

கொரோனாவுக்கு முன்பு 50, 60 ரூபாய்க்குக் கிடைத்த அந்தத் தட்டுக்கு இப்போது பல இடங்களில் 80, 90, 100 ரூபாய். பரோட்டா, தோசை, அளவுச் சாப்பாடு எதுவும் பழைய விலையில் இல்லை. விலையை ஏற்றாத சில கடைகளில் பரோட்டா சிறுத்திருக்கிறது. சாம்பாரில் பருப்பு குறைந்திருக்கிறது. சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் இல்லை. வேறு வழியில்லாமல் சாப்பிடுகிறார்.

‘கடையில் ஏன் சாப்பிட வேண்டும், வீட்டில் சமைத்துக்கொள்ளலாமே’ என்ற கேள்வி இங்கே உடனே எழும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஓர் அடுப்படி இருக்கிறது. சமைக்க நேரமுள்ள ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், இருக்கிறார். இந்த மூன்றும் இல்லாமல் நம் நகரங்களில் லட்சக்கணக்கானோர் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். உணவு விலை உயர்வைப் பற்றிய நம் பேச்சில் இவர்கள் வருவதே இல்லை. தக்காளி கிலோ 100 ரூபாயைத் தொட்டால் அது தலைப்புச் செய்தி. அளவுச் சாப்பாடு 70 ரூபாயிலிருந்து 90 ரூபாய்க்குப் போனால் அது எந்தச் செய்தியிலும் இடம்பெறாது. தக்காளி ஒரு மாதத்தில் இறங்கிவிடும். சாப்பாட்டு விலை இறங்கியதாக யாருக்கும் நினைவிருக்காது.

கடைக்காரரைக் குற்றம் சொல்வது எளிது. அவருடைய கணக்கையும் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரை அவர் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். அதன் விலை மாதத்தின் முதல் நாள் மாறும். 2022 மே மாதம் சென்னையில் அது 2,500 ரூபாயைத் தாண்டியது. வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். வணிக சிலிண்டருக்கு 18 சதவீதம். உணவகங்கள் 2017 நவம்பர் முதல் வாடிக்கையாளரிடம் 5 சதவீதம் வரி வாங்குகின்றன. ஆனால் தாம் பொருள் வாங்கும்போது கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ள முடியாது. தள்ளுவண்டிக்காரர் ஜிஎஸ்டி வரம்புக்குள்ளேயே வரமாட்டார். ஆனால் சிலிண்டருக்கு அவரும் அதே 18 சதவீதத்தைக் கட்டுகிறார். ஆக, அடுப்பில் எரியும் நெருப்பின் மீதான வரி அப்படியே முட்டை ரைஸின் விலையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பணக்கார உணவகத்துக்கு இது ஒரு செலவு, அவ்வளவுதான். 90 ரூபாய்க்கு ஒரு தட்டு விற்கிறவரின் லாபத்தையே இது கரைத்துவிடும்.

எண்ணெயின் கதை இன்னும் நீளமானது. இந்தியா தனக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது: பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும், சூரியகாந்தி எண்ணெய் பெருமளவு உக்ரைன், ரஷ்யாவிலிருந்தும். 2022இல் ரஷ்யா-உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியது. பிறகு நிலைமை சீரானது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா சமையல் எண்ணெயின் அடிப்படை இறக்குமதி வரியைச் சுழியத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தியது. எண்ணெய் வித்து பயிரிடும் விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம், தவறான நோக்கமல்ல. 2025 மே இறுதியில் அந்த வரி 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் உயர்த்தியபோது கடைப் பலகையில் மாறிய விலை, குறைத்தபோது மாறவில்லை. வணிக சிலிண்டர் 2,500 ரூபாயிலிருந்து இறங்கியபோதும் இதுவே நடந்தது. அதற்குள் வாடகை ஏறியிருக்கும், மாஸ்டரின் கூலி ஏறியிருக்கும். கூலி ஏறியது நல்லதே. அடுப்படி வெக்கையில் பத்து மணி நேரம் நிற்கிறவருக்கு அது போய்ச் சேரத்தான் வேண்டும்.

இனி சாப்பிடுகிறவரின் கணக்கு. மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் சென்னையில் தனியாகத் தங்கி வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடைகளில் காவலாளியாக, துணிக்கடைகளில் விற்பனையாளராக, கிடங்குகளில் பொருள் பிரிப்பவராக இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். காலையில் நான்கு இட்லி, ஒரு வடை 50, 60 ரூபாய். மதியம் அளவுச் சாப்பாடு 80, 90. இரவு தள்ளுவண்டியில் 80, 90. இரண்டு டீ சேர்த்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் தாராளமாக ஆகிவிடும். மாதத்துக்கு 7,500. சம்பளத்தில் சரிபாதி.

இதே மனிதர் சமைத்தால் என்ன ஆகும்? அரை கிலோ அரிசி வெளிச்சந்தை விலையிலேயே 30 ரூபாய். 75 கிராம் துவரம்பருப்பு 10 ரூபாய். கால் கிலோ காய்க்கு 15, இரண்டு முட்டைக்கு 14. எண்ணெய், வெங்காயம், புளி, மிளகாய்க்கு 15. எரிவாயுவுக்கு 10. எல்லாம் சேர்த்து 100 ரூபாய்க்குள் மூன்று வேளையும் முடியும். உடம்புக்கும் கடைச் சாப்பாட்டைவிட நல்லது. வித்தியாசம் நாளுக்கு 150, மாதத்துக்கு 4,500 ரூபாய். இது தோராயக் கணக்குதான். ஊருக்கு ஊர் பத்து இருபது ரூபாய் முன்பின் இருக்கும். ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறது: சமைக்க ஓர் இடம் இல்லை என்பதற்காக மட்டும் ஓர் ஏழை மாதம் 4,500 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கிறார். ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டிய பணம் அது.

மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புறக் குடும்பங்கள் தங்கள் மொத்தச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதத்தை உணவுக்குச் செலவிடுகின்றன. பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு, வெளியில் வாங்கும் உணவு ஆகியவை சேர்ந்த பிரிவுக்கு மட்டும் 11 சதவீதம் போகிறது. அரிசி, கோதுமை உள்ளிட்ட தானியங்களுக்கோ 4 சதவீதம்கூட ஆகவில்லை. தானியத்தைவிடக் கடையுணவுக்கும் பாக்கெட் உணவுக்கும் இரண்டரை மடங்குக்கும் மேல் செலவழிக்கும் சமூகமாகிவிட்டோம். ஆனால் நம்முடைய உணவுக் கொள்கை இன்னும் தானியத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டின் உணவுப் பாதுகாப்பு நாட்டுக்கே முன்மாதிரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அரிசி அட்டைகளுக்கு 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம். கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும் லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் இன்றும் கிடைக்கின்றன. பள்ளியில் மதிய உணவு, முட்டை. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம். குடும்பத்துக்கும் குழந்தைக்கும் இந்த மாநிலம் செய்திருப்பது சாதாரணமானதல்ல. ஆனால் பள்ளியை முடித்து, குடும்பத்தை விட்டு வேலைக்காக நகரத்துக்கு வந்த 20 வயது இளைஞருக்கு இந்த ஏற்பாட்டில் எந்த இடமும் இல்லை. அவருடைய பெயர் ஊரிலுள்ள குடும்ப அட்டையில் இருக்கிறது. அந்த அரிசி ஊரில் பெற்றோருக்கும் தம்பி தங்கைகளுக்கும் சோறாகிறது. அதை இங்கே வாங்கினாலும் வடிக்க அவருக்கு அடுப்பில்லை.

‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர் இங்குள்ள ரேஷன் கடையில் மத்தியத் தொகுப்பு தானியத்தை வாங்கலாம். வாங்குகிறவர்கள் குறைவு. வாங்கியவர்கள் அதைச் சமைத்தாக வேண்டும். ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: கட்டட வேலைத்தளங்களில் தகரக் கொட்டகையில் தங்கும் வடமாநிலத்தவர் பெரும்பாலும் கடையில் சாப்பிடுவதில்லை. ஏழெட்டுப் பேர் சேர்ந்து, முறை வைத்து, ஒருவர் பொங்க மற்றவர் காய் நறுக்க, சோறும் பருப்பும் உருளைக்கிழங்குக் கறியுமாகச் செலவைச் சுருக்கிக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகள் தங்கும் திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலும் வேளச்சேரி, பழைய மகாபலிபுரம் சாலை விடுதிகளிலும் இது நடக்காது. ‘அறையில் சமைக்கக் கூடாது’ என்பது அங்கே முதல் நிபந்தனை. தீ விபத்து அச்சம் உண்மையானது. பத்துக்குப் பத்து அறையில் நான்கு கட்டில் போட்டுவிட்டு நடுவில் அடுப்பு வைக்க யாரும் அனுமதிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு மாடியிலும் காற்றோட்டமுள்ள ஒரு பொதுச் சமையலறை, இரண்டு மின் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி வைப்பது பெரிய செலவா? விடுதிகளுக்கு உரிமம் வழங்கும்போது கழிப்பறை எண்ணிக்கையைக் கேட்கும் நிர்வாகம் இதையும் கேட்கலாம்.

சமையலறை இல்லாதவர் எதைக் குறைக்கிறார்? முதலில் காலைச் சாப்பாட்டை. டீயும் பன்னும், அல்லது டீயும் வடையும் காலை உணவாகிவிடுகின்றன. அடுத்து மதியத்தை ஒத்திப்போட்டு, மூன்று மணிக்கு ஒரு தட்டு குஸ்காவில் முடித்துக்கொள்கிறார். இரவில் மைதாவோ வெள்ளைச் சோறோ எண்ணெயில் பிரட்டியது. மாதக் கடைசி வாரம் இது இன்னும் சுருங்கும். வயிறு நிறையாமல் இருப்பதில்லை. மாவும் எண்ணெயும் உப்பும் வயிற்றை நிரப்பிவிடும். பருப்பும் கீரையும் காயும் முட்டையும் பழமும்தான் விடுபட்டுப் போகின்றன. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில் 40 சதவீதப் பெண்கள் அதிக எடை உள்ளவர்கள். ஒரே மாநிலத்தில் ஊட்டக் குறைவும் உடல் பருமனும் சேர்ந்தே இருக்கின்றன. அதற்கு விடுதி வாழ்க்கை மட்டும் காரணமல்ல. ஆனால் மாவும் எண்ணெயும் மலிவாகவும், காயும் முட்டையும் கடைகளில் விலை கூடியும் இருக்கும் ஏற்பாடு அந்த எண்களைக் குறைக்கப் போவதில்லை.

செயலி வழி உணவு இதற்கு மாற்று என்று நினைப்பவர்கள் உண்டு. தள்ளுபடிக் காலம் முடிந்துவிட்டது. ஸ்விக்கி, ஸொமாட்டோ இரண்டும் 2023இல் ஓர் ஆர்டருக்கு 2 ரூபாய் என்று தொடங்கிய தளக் கட்டணம் இப்போது பல மடங்காகிவிட்டது. விநியோகக் கட்டணம் தனி. பல கடைகளில் செயலியில் காட்டும் விலையே கடை விலையைவிட அதிகம். கடைக்காரர் கொடுக்கும் கமிஷனை வேறெங்கே சேர்ப்பார்? மாதம் 15,000 ரூபாய்க்காரருக்கு அது வழியே அல்ல. அந்த உணவைச் சுமந்து செல்லும் இளைஞரும் இரவில் தள்ளுவண்டியில்தான் சாப்பிடுகிறார்.

இருக்கும் பணத்தில் நன்றாகச் சாப்பிட வழியே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. கடையில் சாப்பிட்டே ஆக வேண்டியவர், தட்டை மாற்ற முடியாவிட்டாலும் பக்கத்தில் வைப்பதை மாற்றலாம். நாமக்கல் முட்டைப் பண்ணை விலை ஒவ்வொரு நாளும் அறிவிக்கப்படுகிறது; விலை ஏறிய நாட்களில்கூட ஓர் அவித்த முட்டை தரும் புரதத்தை அந்தக் காசுக்குப் பெரும்பாலான கடைப் பண்டங்கள் தருவதில்லை. கடையில் விற்கும் வேகவைத்த நிலக்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல், வாழைப்பழம், கடலைமிட்டாய் இவற்றுக்கு அடுப்பே வேண்டாம்; பச்சைப்பயறை இரவில் ஊறவைத்தால் போதும். கோடையில் கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ் விற்கும் வண்டிகள் நகரம் முழுவதும் நிற்கின்றன. ஒரு சொம்பு கூழும் ஒரு கை நிலக்கடலையும் பரோட்டாவைவிட நல்ல காலை உணவு. அறையில் மின்சாரம் பயன்படுத்த அனுமதி இருந்தால், நான்கு பேர் சேர்ந்து ஒரு ரைஸ் குக்கர் வாங்கலாம். பருப்பும் அரிசியும் காயும் ஒன்றாகப் போட்டுக் கிச்சடியாக வைத்தால் இரவுச் செலவு மூன்றில் ஒன்றாகக் குறையும். சமைக்க இடமுள்ளவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது: முகவரிச் சான்று இல்லாமலே, ஓர் அடையாள அட்டையைக் காட்டி, எரிவாயு முகமையில் வாங்கலாம். இது பலருக்குத் தெரியவில்லை. தெரியாமல், தெருக்கோடியில் திருட்டுத்தனமாக நிரப்பித் தரும் குட்டி சிலிண்டரை வாங்கி ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த யோசனைகளை நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவரிடம் பயறு ஊறவைக்கச் சொல்வதோடு ஒரு சமூகத்தின் கடமை முடிந்துவிடாது.

கடமையைச் செய்ய நம்மிடம் ஒரு கருவி ஏற்கனவே இருக்கிறது. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கியது. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். பின்னர் மாலையில் இரண்டு சப்பாத்தி, பருப்புக் கடைசலுடன் 3 ரூபாய். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியுடன் வந்திருப்பவர்களுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை அங்கே நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். 2015 பெருவெள்ளத்திலும் கொரோனா ஊரடங்கிலும் நகரத்தின் பசியைத் தாங்கியவை இந்த உணவகங்கள். ஆட்சி மாறியபின் இவை மூடப்படுமோ என்ற பேச்சு எழுந்தது, மூடப்படவில்லை. 2024 ஜூலையில் முதலமைச்சர் ஸ்டாலின் தேனாம்பேட்டையில் ஓர் உணவகத்தைப் பார்வையிட்டு, சீரமைப்புக்கு 21 கோடி ரூபாய் ஒதுக்கச் சொன்னார். ஒரு கட்சி தொடங்கியதை இன்னொரு கட்சி காப்பாற்றியது நல்ல மரபு.

காப்பாற்றியது போதாது, வளர்க்க வேண்டும். தொடங்கிய ஆண்டின் விலைதான் இன்றும். விலை உயராதது ஏழைக்கு நல்லது. ஆனால் விலையோடு சேர்ந்து உணவும் அங்கேயே நின்றுவிட்டது. மாநகராட்சி ஆண்டுதோறும் பெரும் நஷ்டத்தைத் தாங்குகிறது. அதனால் புதிதாக எதையும் சேர்க்கத் தயங்குகிறது. ஒரு தொழிலாளி அங்கே சாப்பிட்டால் சோறு உண்டு, சாம்பார் உண்டு. பொரியல் இல்லை, முட்டை இல்லை, சுண்டல் இல்லை. இட்லியின் 1 ரூபாயில் கைவைக்க வேண்டியதில்லை. கையில் பத்து ரூபாயோடு வருகிற முதியவருக்கு அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அவித்த முட்டை, ஒரு கிண்ணம் பொரியல், சுண்டல், மோர் இவற்றை அடக்க விலைக்கு விற்பதில் மாநகராட்சிக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. 90 ரூபாய் கொடுத்து முட்டை ரைஸ் சாப்பிடுகிறவர், 30 ரூபாய்க்குச் சப்பாத்தியும் பருப்பும் பொரியலும் இரண்டு முட்டையும் கிடைத்தால் வரமாட்டாரா?

நேரமும் மாற வேண்டும். இந்த உணவகங்கள் இரவு ஒன்பது மணிக்குள் முடிந்துவிடுகின்றன. துணிக்கடைப் பெண்கள் வேலை முடிந்து வெளியே வருவது ஒன்பதரை, பத்து மணிக்கு. தொழிற்சாலைகளின் இரண்டாம் ஷிப்ட் முடிவது அதற்கும் பின்னால். தியாகராய நகர், அம்பத்தூர், கிண்டி போன்ற இடங்களிலாவது பதினோரு மணிவரை திறந்திருக்க வேண்டும். பார்சல் தருவதில்லை என்ற விதி, மொத்தமாக வாங்கி மறுவிற்பனை செய்வதைத் தடுக்க வந்தது. ஆளுக்கு ஒரு பொட்டலம் என்று தளர்த்தினால் இரவுப் பணிக்குப் போகிற காவலாளிக்கு அது உதவும். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூரின் தொழிற்பகுதிகளில் தொழிலாளர் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் இத்தகைய உணவகங்கள் வேண்டும். தொழிற்பேட்டையில் நிலம் வாங்கும் நிறுவனங்கள் அதற்கு ஒரு பங்கு கொடுப்பது நியாயம்.

பிற மாநிலங்களின் அனுபவத்திலும் பாடம் இருக்கிறது. ஒடிசா 2015 முதல் 5 ரூபாய்க்குச் சோறும் தால்மாவும் தருகிறது. பருப்பும் காயும் சேர்ந்த அந்தக் குழம்பு நம் சாம்பார் சாதத்தைவிடச் சத்தானது. பெங்களூரில் 2017இல் இந்திரா கேண்டீன் வந்தது. ஆந்திரத்தில் அண்ணா கேண்டீன்கள் 2018இல் திறக்கப்பட்டு, ஆட்சி மாறியதும் 2019இல் மூடப்பட்டு, மீண்டும் ஆட்சி மாறியதும் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அங்கே சாப்பிட்டவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. கேரளத்தில் 2020இல் குடும்பஸ்ரீ பெண்கள் 20 ரூபாய்க்குச் சாப்பாடு தந்தார்கள். 2023இல் அரசு மானியத்தை நிறுத்தியதும் விலை 30 ரூபாயானது. பல குழுக்கள் நடத்த முடியாமல் மூடின. நிதிக்கு நிலையான ஏற்பாடு இல்லாமல், ஆளுங்கட்சியின் விருப்பத்தை நம்பி நடக்கும் உணவகம் எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். எனவே தமிழ்நாட்டில் இவற்றுக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு வேண்டும். சத்துணவை எந்த அரசும் தொட முடியாத நிலைக்குக் கொண்டுவந்ததுபோல இதையும் கொண்டுவர வேண்டும்.

மத்திய அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. வணிக சிலிண்டருக்கான 18 சதவீத ஜிஎஸ்டியைச் சிறு உணவகங்களுக்கும் பதிவுபெற்ற தள்ளுவண்டிகளுக்கும் 5 சதவீதமாகக் குறைக்க வேண்டும். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014இலேயே வந்துவிட்டது. மாநகராட்சிகள் அடையாள அட்டை வழங்குகின்றன. அந்த அட்டையைக் காட்டினால் வரி குறைந்த சிலிண்டர் என்று வைத்தால் சலுகை யாருக்குப் போகிறது என்பதில் குழப்பமும் இருக்காது. தமிழ்நாடு அரசு ஜிஎஸ்டி மன்றத்தில் இதை எழுப்ப வேண்டும்.

வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன்பாக மாநகராட்சியும் அரசும் மூன்று வேலைகளைத் தொடங்கலாம்: தொழிற்பகுதி உணவகங்களை இரவு பதினோரு மணிவரை திறப்பது, முட்டையையும் காயையும் அடக்க விலையில் சேர்ப்பது, விடுதி உரிமத்தில் பொதுச் சமையலறையைக் கட்டாயமாக்குவது. முதலிரண்டுக்கும் புதிய கட்டடம் வேண்டாம், புதிய சட்டம் வேண்டாம், ஓர் அரசாணை போதும். அதைப் பிறப்பிக்க வேண்டும்.